வாசலில் நிற்கும் அம்பாசடருக்கு

வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறதா? அதன் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதனால் நட்டு, போல்ட்டு பெரும்பாலும் அங்குலக் கணக்குதான். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13-ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அப்புறம் கழற்றுவது பெரும்பாடு. அங்குல அளவு ரிங் ஸ்பானர் செட்டே வாங்குங்கள்.

அடுத்தது ஃபீலர் கேஜ். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது கேஜின் 0.4 மி.மீ. தகட்டை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. பாயிண்ட் கருகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிளக் ஸ்பானரும் டெஸ்ட் லாம்பும் கைவசம் இருக்கட்டும். ஆனால் ஆக்ஸில் ஸ்டாண்டில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டில் இறக்கி, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.