எண்ணெய் இறக்குமதி: எத்தனை கடை இல்ல, எத்தனை வழி?

"நாமதான் நிறைய நாடுகள்கிட்ட எண்ணெய் வாங்குறோமே, அப்புறம் என்ன பயம்?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற சிலர் ரெண்டு கம்பெனி இன்டர்நெட் வெச்சிருப்பாங்க. ஆனா ரெண்டு கேபிளும் தெருமுனையில ஒரே கம்பத்துல தொங்கும். அதுல ஒரு லாரி மோதினா ரெண்டும் காலி.

எண்ணெயிலும் அதே கதைதான். இராக், குவைத், சவுதி, அமீரகம் என்று விற்கிறவங்க நாலு பேர். ஆனா அந்தச் சரக்கில் பெரும்பகுதி வெளியே வர ஹோர்முஸ் நீரிணைதான் வாசல். மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். 2024-ல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போனது.

கச்சா எண்ணெய்க்காவது கொஞ்சம் மாற்று இருக்கு. அமீரகம் நீரிணைக்கு வெளியே இருக்கும் ஃபுஜைரா வரைக்கும், சவுதி செங்கடல் கரையிலுள்ள யான்பு வரைக்கும் குழாய் போட்டிருக்கு. ரஷ்ய எண்ணெய் ஹோர்முஸ் பக்கமே வராது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் குகைகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுசா நிரப்பினா சுமார் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும் என்பது அரசுக் கணக்கு. எண்ணெய்க் கம்பெனிகளோட இருப்பு தனி.

சமையல் கேஸ்தான் சிக்கல். நாம எரிக்கிறதில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. ஆண்டுத் தேவை சுமார் 3 கோடி டன், அதாவது ஒரு நாளைக்கு 80 ஆயிரம் டன்னுக்கு மேல. மங்களூருவில் இருக்கிற எல்.பி.ஜி. குகையின் கொள்ளளவு 80 ஆயிரம் டன். விசாகப்பட்டினத்தில் 60 ஆயிரம். ரெண்டும் சேர்ந்தாலும் நாட்டோட அடுப்புக்கு ரெண்டு நாள் தாங்காது. சேமிச்ச கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சாலும் அதில் கேஸ் கொஞ்சம்தான் கிடைக்கும். பெட்ரோல் இல்லைன்னா பயணத்தைத் தள்ளிப் போடலாம். சாப்பாட்டைத் தள்ளிப் போட முடியுமா?

2026-க்கு அமெரிக்காவிடமிருந்து 22 லட்சம் டன் எல்.பி.ஜி. வாங்க அரசு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டது சரியான திசை. தூரம் அதிகம்தான், ஆனா அது வேற கம்பம். கூடவே கேஸுக்கான குகைகளும் பெருகணும். பேக்கப் சர்வர் சும்மா கிடக்கும்போது வீண் செலவாத்தான் தெரியும். மெயின் சர்வர் படுத்த அன்னிக்குத்தான் அதோட மதிப்பு புரியும். அதனால, "எத்தனை நாட்டிலிருந்து வாங்குறோம்?" என்று யாராவது பெருமையாச் சொன்னா, "எத்தனை வழியா வருது, எத்தனை நாள் தாங்கும்?" என்று திருப்பிக் கேளுங்க.