முதற் கேள்வி

முப்பதாண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பேசியே பழகியவன் நான். ஆண்டின் முதல் நாளன்று ஒவ்வொரு மாணவனையும் எழுப்பி, "உன் தந்தை என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்பது என் வழக்கம். ஓர் ஆண்டு ஒரு சிறுவன் எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. அதட்டினேன். அவன் தந்தை இறந்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வாண்டு முழுவதும் அவன் தானாக என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

உள்ளத் துயர் உற்றோருக்கான குழுச் சிகிச்சையில் முதற் கூட்டத்தைத் தொடங்கும் முறையை அறிந்தபோது, என் பிழை எனக்கு நன்கு விளங்கிற்று.

1905ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், வறிய காசநோயாளிகளை வாரந்தோறும் ஒருங்கே கூட்டினார். ஓய்வு, தூய காற்று, உணவு ஆகியவை பற்றிக் கற்பிப்பதே அவர் நோக்கம். ஆனால், ஒருவரையொருவர் கண்டதனாலேயே நோயாளிகள் ஊக்கம் பெற்றனர். உள்ளத்து நோய்க்கும் குழுமுறை பின்னர்ப் பயன்படலாயிற்று.

இத்தகைய குழுவில் பெரும்பாலும் ஏழெட்டுப் பேர் இருப்பர். நாற்காலிகள் வட்டமாக இடப்பட்டிருக்கும். முன்வரிசையும் இல்லை, கடைவரிசையும் இல்லை. நடத்துபவர் குறித்த நேரத்தில் தொடங்கித் தம் பெயரைக் கூறுகிறார். பிறகு விதிகளைச் சொல்கிறார்: இங்கே கேட்டதை வெளியே பேசலாகாது, ஒருவர் பேசுகையில் குறுக்கிடலாகாது, பேச விரும்பாதவர் வாளா இருக்கலாம். எவர் உயிருக்கேனும் ஆபத்து என்று கண்டால் மட்டும் தாம் பிறரிடம் சொல்ல நேரும் என்பதையும் மறையாமல் தெரிவிக்கிறார். காக்க இயலாத வாக்கை அவர் கொடுப்பதில்லை.

அதன்பின் எளிய கேள்விகள்: உங்களை எப்பெயரால் அழைக்கலாம்? இங்கு வரும்போது மனத்தில் என்ன இருந்தது? "அச்சமாக இருந்தது" என்கிறார் ஒருவர். "எனக்கும்" என்கிறார் அடுத்தவர். அந்த ஒரு சொல்லிலேயே மருந்து இருக்கிறது. துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என உணர்வதை, குணமளிக்கும் காரணங்களுள் ஒன்றாக இர்வின் யாலம் என்னும் மருத்துவ அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார்.

இடையே மௌனம் வரும். நானாயின் உடனே அதனை என் குரலால் நிரப்பியிருப்பேன். அவரோ பொறுத்திருக்கிறார்.

மாணவச் செல்வங்களே! சிகிச்சைக் குழுவை நடத்துவது பயிற்சி பெற்றோர் பணி. ஆயினும், உங்கள் விடுதிக்குப் புதிதாக ஒரு தோழன் வருவான். அவனிடம் குடும்பத்தையும் மதிப்பெண்ணையும் வினவுமுன், அருகில் ஓர் இடம் கொடுங்கள். அவன் பேசும்வரை காத்திருங்கள். அச்சிறுவனுக்கு நான் அளிக்கத் தவறியது அதுவே.