பார்க்காம இருக்கிறதுதான் கஷ்டம்: ஒரு கட்டெறும்பு ராணியை வளர்த்த கதை

போன எபிசோடுல எறும்பு பத்திப் போற போக்குல ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "எறும்பை வீட்டுல வளர்க்க முடியுமா?" முடியும். நான் ரெண்டு தடவை முயற்சி பண்ணேன். முதல் தடவை கொன்னுட்டேன். அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஊர் திருவண்ணாமலை. எங்க வீட்டு மாடியில ஒரு டியூப்லைட் இருக்கு. கோடை மழை விட்ட சாயந்திரம் அதைப் போட்டா, சிறகு வச்ச கூட்டம் ஒண்ணு வந்து விழும். அதுல பெரும்பாலும் ஈசல். ஈசல் எறும்பு கிடையாது, கரையான். அதைப் பிடிச்சு வச்சு எறும்பு வளர்க்கிறோம்னு நினைச்சுக்காதீங்க, பொரியோட வறுத்துச் சாப்பிடத்தான் ஆகும். வித்தியாசம் சுலபம். ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், இடுப்பே இருக்காது. எறும்புக்கு முன்சிறகு பெருசு, பின்சிறகு சின்னது, இடுப்பு நூல் மாதிரி, உணர்கொம்பு முழங்கை மடிச்ச மாதிரி வளைஞ்சிருக்கும்.

அந்தக் கூட்டத்துல ஒருநாள் கட்டெறும்பு ராணி ஒருத்தி கிடைச்சா. காம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ்னு அறிவியல் பேரு. நம்ம வீட்டுச் சுவர் ஓரமா போற அதே பெரிய கருப்பு எறும்புதான், ஆனா ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல இருப்பா, முதுகு உப்பியிருக்கும். அந்த உப்பல் முழுக்கப் பறக்கிற தசை.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா கதையே அந்தத் தசையிலதான் இருக்கு. ராணி வாழ்க்கையில ஒரே ஒரு பருவத்துலதான் பறக்கிறா. அப்போ ஆண் எறும்போட கலந்து, அந்த விந்தை வயித்துல ஒரு சின்னப் பையில சேமிச்சு வச்சுக்கிறா. ஆயுசு முழுக்க அதையே கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணுவா. ஆண்கள் சீக்கிரமே செத்துடும். இவ தரையில இறங்கி, தன் சிறகைத் தானே கழட்டிப் போட்டுட்டு, ஒரு பொந்து தோண்டி, உள்ளேருந்து வாசலை அடைச்சுடுவா. அப்புறம் சாப்பாடு கிடையாது. இனிமே தேவையில்லாத அந்தப் பறக்கிற தசையும் உடம்புக் கொழுப்பும் கரைஞ்சு, அதுலேருந்துதான் முட்டை போட்டு, புழுவுக்கு வாயால ஊட்டி, முதல் பிள்ளைங்களை வளர்ப்பா. அதாவது அவகிட்ட இருக்கிறது ஒரு குறிப்பிட்ட கையிருப்பு. நடுவுல நிரப்ப வழியே இல்ல.

நாம செய்யுறது அந்தப் பொந்துக்குப் பதிலா ஒரு டெஸ்ட் டியூப் கொடுக்கிறது. மூணுல ஒரு பங்கு தண்ணி, அதை அடைக்க அழுத்தமா பஞ்சு, நடுவுல ராணி, வாய்ல இன்னொரு பஞ்சு. ஈரம் பஞ்சு வழியா வந்துக்கிட்டே இருக்கும். அதை இருட்டுல வைக்கணும். அவ்வளவுதான்! சூடேத்துற பாய் வாங்கணுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஐரோப்பாக்காரங்க வீடியோ பார்த்திருப்பார்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ல பிரச்சினை நேர் எதிர். சிமெண்ட் ஷெல்ஃப் மேல வச்சா டியூப் உள்ள வேர்த்துப் போய் ராணி தண்ணியில மாட்டிக்குவா. நான் வைக்கிறது பீரோவுக்கு அடியில, காலி மண்பானைக்குள்ள.

முதல் ராணி நாலாம் நாள் முட்டை போட்டா. ஒம்பது முட்டை, ரவை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தலைகால் புரியல. காலையில ஒரு தடவை, ஆபீஸ் மீட்டிங் நடுவுல ஒரு தடவை, ராத்திரி மொபைல் டார்ச் அடிச்சு ஒரு தடவைன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அம்மா கூட சொன்னாங்க, "ஏண்டி, பிரசவ வீட்டுக்கு இப்படியா போய் எட்டிப் பார்ப்பாங்க?" நான் கேக்கல. ஸ்டோரி வேற போட்டேன்.

பத்தாம் நாள் எண்ணினா ஆறு. அடுத்த நாள் மூணு. அப்புறம் ஒண்ணும் இல்ல. அவளே தின்னுட்டா. கோவமா வந்துச்சு எனக்கு, என்ன தாய் இவன்னு. படிச்சுப் பார்த்தப்போதான் கணக்கு புரிஞ்சது. வெளிச்சமும் அதிர்வும் அவளுக்கு ஆபத்து வர்ற செய்தி. பொந்தை யாரோ தோண்டுறாங்க. இந்த முட்டை பிழைக்காதுன்னு பட்டா, அதுல போட்ட சத்தையாவது திரும்ப எடுத்துக்கணும். மறுபடி முட்டை போட்டா, மறுபடி நான் பார்த்தேன். ரெண்டாவது மாசம் செத்துக் கிடந்தா. டியூப் நிறைய தண்ணி இருந்துச்சு, பஞ்சு சுத்தமா இருந்துச்சு, பூஞ்சை இல்ல. எனக்குத் தெரிஞ்சு அவ செத்ததுக்கு வேற காரணம் இல்ல.

அடுத்த வருஷம் ஆனிப் பௌர்ணமி. கிரிவலம் போயிருந்தோம். சாயந்திரம் நல்ல மழை, ரோடு ஈரம். நிருதி லிங்கம் தாண்டி ஒரு தெருவிளக்கு அடியில, சிறகு உதிர்த்த ராணி ஒருத்தி தார் ரோட்டைக் குறுக்கே கடந்துக்கிட்டு இருந்தா. 14 கிலோமீட்டர் பாதை, பௌர்ணமி ராத்திரி, எத்தனை ஆயிரம் வெறுங்கால்! பக்கத்துலயே ரெண்டு மூணு நசுங்கிக் கிடந்துச்சு. விபூதி வாங்கின பிளாஸ்டிக் டப்பாவைத் துடைச்சு அதுல ஏத்திக்கிட்டேன். மீதி ஏழெட்டு கிலோமீட்டரும் அந்த டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டே நடந்தேன்.

சிறகு உதிர்த்தவளைத்தான் தேடணும். சிறகோட இருக்கிறவ இன்னும் கலக்காதவளா இருக்கலாம். சில சமயம் கலக்காமலே சிறகை உதிர்க்கிறதும் உண்டு. அப்போ வர்ற முட்டையெல்லாம் ஆண் எறும்பாத்தான் ஆகும், குடும்பம் நிக்காது. இன்னொரு விஷயம், எல்லா எறும்புக்கும் ராணி இருக்கும்னு இல்ல. டயகம்மான்னு ஒரு வகை தென்னிந்தியாவுல நிறைய உண்டு. அதுல ராணின்னு தனி உருவமே கிடையாது. வேலைக்காரிகள்ல ஒருத்தி முட்டை போடுவா, மத்தவங்க முதுகுல இருக்கிற மொட்டு மாதிரி ஒரு உறுப்பைக் கடிச்சு எடுத்துடுவா. அது போனவளால கலக்க முடியாது. இது தனி எபிசோடுக்கான விஷயம்.

ரெண்டாவது ராணியை பீரோவுக்கு அடியில வச்சு, பானைக்கு மூடி போட்டு, அதுக்கு மேல அம்மாவோட தையல் மிஷின் பெட்டியைத் தூக்கி வச்சுட்டேன். எடுக்கணும்னா கஷ்டப்படணும், அதுக்குத்தான். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, பத்து செகண்ட், டியூப் மேல சிவப்பு ஜிகினாப் பேப்பர் சுத்தி. எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாத் தெரியாது. அந்தப் பதினஞ்சு நாளைத் தள்ளுறது இருக்கே... நான் ரெண்டு தடவை போட்டித் தேர்வு ரிசல்ட்டுக்குக் காத்திருந்திருக்கேன், அது பரவால்ல.

மூணாவது தடவை எடுத்தப்போ புழு இல்ல, அரிசி மாதிரி கூடு. நாப்பத்திநாலாம் நாள் எடுத்தா, வெளிறின பழுப்புல நாலு குட்டி வேலைக்காரிங்க. சாதாரணக் கட்டெறும்புல பாதி அளவு கூட இல்ல. பட்டினி கிடந்த உடம்புலேருந்து வந்தது அவ்வளவுதான் வரும். ராணி முதுகை நக்கிக்கிட்டு இருந்துச்சுங்க. நான் அழுதேன், சொல்றதுக்கு என்ன.

அதுக்கப்புறம்தான் சாப்பாடு. அம்மா கோலமாவு கொண்டு வந்தாங்க, எறும்புக்குன்னு தானே வாசல்ல போடுறோம்னு. எங்க ஆளுங்க சீண்டவே இல்ல. கோலமாவைத் தூக்கிட்டுப் போறது பெரும்பாலும் சின்ன வகை எறும்புங்க. இதுங்களுக்கு நாட்டுச்சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டு, புழு வளர ஒரு செத்த கொசுவோ கரப்பான் காலோ. ஹிட் அடிச்சுச் செத்த கரப்பான் மட்டும் கூடவே கூடாது.

ஐப்பசியில இருபது பேர் ஆனதும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தினேன். விளிம்புல டால்கம் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல குழைச்சுத் தடவினா வழுக்கும்னு சொல்வாங்க. அடைமழை ஈரத்துல அது உதிர்ந்துடுச்சு. சரின்னு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி நடுவுல டப்பாவை வச்சேன். ஜன்னல் திரை டப்பாவைத் தொட்டுக்கிட்டு இருந்ததைக் கவனிக்கல. காலையில அம்மா பூஜை அலமாரியில ஆறு பேர். எங்க ஊர்ல இது பழைய கதை. ரமணர் 1897ல குருமூர்த்தத்துல தங்கியிருந்தப்போ அங்க எறும்புத் தொல்லை தாங்காம, ஒரு முக்காலி போட்டு அதோட காலைத் தண்ணியில வச்சாங்களாம். அவர் சுவர்ல சாய்ஞ்சு உக்காந்திருந்தார், எறும்பு சுவர் வழியா வந்துடுச்சு. நூத்திச் சொச்சம் வருஷம் கழிச்சும் அதே தப்பு.

நிறைய பேர் ராணியை ஆன்லைன்ல வாங்கலாமான்னு கேக்குறீங்க. வேண்டாம். 2025ல கென்யாவுல நாலு பேருக்குத் தண்டனை ஆச்சு. அதுல ரெண்டு பேர் பெல்ஜியத்துப் பசங்க, பத்தொம்பது வயசு. அவங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் சுமார் 5,000 ராணி எறும்பு. நான் மேல சொன்ன அதே டெஸ்ட் டியூப், அதே பஞ்சு. ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், இல்லேன்னா ஒரு வருஷம் ஜெயில். சட்டத்தை விடுங்க. ஒரு ராணியை எடுத்தா அங்க வர வேண்டிய ஒரு புத்தே இல்லாம போகுது. வெளியூர் எறும்பு தப்பிச்சா இங்க என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. உங்க தெருவுல கிடைச்சதை மட்டும் வளருங்க, முடியலன்னா அதே தெருவுல விடுங்க.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எனக்கே அந்த நிலைமை வந்தது. தை மாசம் சென்னையில வேலை. ஒரு ரூம்ல மூணு பேர். இந்த மாதிரி ராணிங்க நாளைக்கே போயிடுறவங்க இல்ல. இங்கிலாந்துல ஜான் லபக் 19ஆம் நூற்றாண்டுல வளர்த்த ஒரு ராணி கிட்டத்தட்ட 15 வருஷம் இருந்தா. ஐரோப்பாவுல வேற வகை ராணி ஒருத்தி 28 வருஷத்துக்கு மேல இருந்ததாப் பதிவு இருக்கு. கட்டெறும்பு அவ்வளவு இருக்குமான்னு சொல்ல வரல, ஆனா ஆறு மாச விளையாட்டு இல்ல. கிளம்புறதுக்கு முந்தின நாள் டப்பாவோட மாடிப்படியில உக்காந்திருந்தேன், கிரிவலப் பாதையில விட்டுடலாம்னு.

அம்மா வந்து டப்பாவை வாங்கிக்கிட்டாங்க. "நீ போ. உன்னை மாதிரி நான் எட்டி எட்டிப் பார்க்க மாட்டேன்."

போன வாரம் ராத்திரி போன். சாப்டியான்னு கூடக் கேக்கல. "ஏய், இன்னைக்குப் பெரிய தலையோட ஒருத்தி வந்திருக்காடி. வாசல் பஞ்சுகிட்டயே நிக்கிறா, நகர மாட்டேங்கிறா."