எல்லா முதுகுவலியும் உழைப்பின் வலியன்று



விடியுமுன் மரம் சீவப் புறப்பட்டு, பால் வாளி சுமந்து திரும்பும் நம் மக்களுக்கு முதுகுவலி புதிதன்று. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால், சில வேளைகளில் அவ்வலி உயிருக்கே ஆபத்தான நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

இதயத்திலிருந்து வயிற்றினூடே இறங்கும் பெரிய இரத்தக் குழாயைப் பெருநாடி என்கிறோம். வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அது 3 சென்டிமீட்டர் அளவுக்குப் புடைத்துவிட்டால் நோய் எனக் கொள்ளப்படும். பெரும்பாலும் இப்புடைப்பு வலியின்றியே வளரும். சிலருக்கோ குழாயின் சுவர் அழற்சியுற்றுத் தடித்து, அருகிலுள்ள குடலோடும் சிறுநீர்க் குழாயோடும் ஒட்டிக்கொள்ளும். விடாத வயிற்றுவலி, முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன இவ்வகையின் அடையாளங்கள். புகைபிடிக்கும் ஆடவரையே இது மிகுதியாகப் பற்றுகிறது.

இதனைக் கண்டறிவது எப்படி? ஒலியலை ஸ்கேன் வலியின்றிப் புடைப்பைக் காட்டிவிடும். சி.டி. ஸ்கேன் தடித்த சுவரைத் தெளிவுபடுத்தும். இரத்தப் பரிசோதனை அழற்சியை உணர்த்தும்.

அறிவியல் மேதை ஐன்ஸ்டீனுக்கும் பெருநாடிப் புடைப்பு இருந்தது. 1948ஆம் ஆண்டில் மருத்துவர் நிஸ்ஸன் அதனைச் செலோபேன் தாளால் சுற்றிக் காத்தார். எனினும், 1955 ஏப்ரலில் அது வெடித்து, அம்மேதை மறைந்தார். இன்று மருத்துவம் வெகுவாக முன்னேறியுள்ளது. ஆடவருக்குப் புடைப்பு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் பொதுவாகச் செயற்கைக் குழாய் பொருத்துகின்றனர். வயிற்றைத் திறந்தும் செய்யலாம். தொடையிடுக்கின் இரத்தக் குழாய் வழியாகவும் செலுத்தலாம். அழற்சியினால் உறுப்புகள் ஒட்டியிருக்கும்போது வயிற்றைத் திறப்பது கடினமாதலால், பின்னைய வழி பலருக்கு உதவுகிறது. சிலருக்கு அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும் தரப்படும். சிறுநீர்க் குழாய் அடைபட்டிருந்தால் அதனையும் திறந்துவிட வேண்டும். இல்லையேல் சிறுநீரகம் கெடும்.

ஆகவே, வயது அறுபதைக் கடந்த, புகைப்பழக்கமுள்ள ஆடவர்கள் வாரக்கணக்கில் நீடிக்கும் வலியைப் பொறுத்துக்கொண்டிராமல் அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாட வேண்டும். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். திடீரெனக் கடும் வலியும் மயக்கமும் கண்டால், 999 எண்ணை உடனே அழையுங்கள். அவ்வேளையில் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை பெறும்.

புகையை இன்றே விடுவோம், குடும்பத்தைக் காப்போம்.