விடுமுறைப் பட்டியலில் ஓர் இடம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு சிறிய விவாதம் எழுந்தது. நம் படிப்பகத்துக்கும் இரவுப் பள்ளிக்கும் விடுமுறைப் பட்டியல் எழுத உட்கார்ந்தோம். பொங்கல், தீபாவளி, மே தினம் மூன்றையும் எழுதி முடித்தோம். ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்ற பேச்சு வந்ததும் ஒரு தோழர், "இது தமிழர் சங்கம், மதச் சங்கம் அல்ல. எல்லாப் பண்டிகைக்கும் பூட்டினால் படிப்பகத்தைத் திறப்பது எப்போது?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டவர் அல்லர். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த இரண்டு தோழர்கள் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் இன்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக உங்களைச் சற்று நேரம் எத்தியோப்பியாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

கிறிஸ்தவமும் இஸ்லாமும் அந்த நாட்டுக்கு நேற்று வந்தவை அல்ல. 4ஆம் நூற்றாண்டில், எசானா மன்னர் காலத்திலேயே கிறிஸ்தவம் அங்கே அரச மதமாகிவிட்டது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெக்காவில் கொடுமை தாங்காத நபிகள் நாயகத்தின் தோழர்கள் சிலர் கடல் கடந்து வந்து அங்கே அடைக்கலம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுவந்த தூதர்களை, நஜாஷி என்று இஸ்லாமிய மரபு போற்றும் கிறிஸ்தவ மன்னர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் 100க்கு 43 பேருக்கு மேல் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், ஏறக்குறைய 34 பேர் முஸ்லிம்கள், 18 பேருக்கு மேல் புராட்டஸ்டண்டுகள். வொல்லோ வட்டாரத்தில் ஒரே குடும்பத்தில் இரு மதத்தாரும் இருப்பது வழக்கம். ஒருவர் அறுத்த இறைச்சியை மற்றவர் உண்பதில்லை. ஆனாலும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகாமல் இருப்பதும் இல்லை.

மக்கள் இப்படி வாழ்ந்தார்கள், சரி. அரசு எப்படி நடந்துகொண்டது? ஹைலே செலாசி மன்னரின் 1955ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை அரசுத் திருச்சபை என்றே எழுதி வைத்தது. கிறிஸ்தவத் திருநாட்களுக்கு நாடு முழுவதும் விடுமுறை. முஸ்லிம்களின் ஒரு பெருநாளுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அதைவிட நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. அவர்களை 'எத்தியோப்பிய முஸ்லிம்கள்' என்று சொல்லும் வழக்கம் அதிகார வட்டத்தில் இல்லை. 'எத்தியோப்பியாவில் வாழும் முஸ்லிம்கள்' என்பதுதான் வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் உழுதவனும் வணிகம் செய்தவனும் வெறுமனே 'வாழ்கிறவன்'! மூன்று தலைமுறையாக ஓர் ஊரில் உழைத்த பிறகும் 'எந்த ஊர்க்காரர்?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு அந்தச் சொல்லின் முள் தெரியும்.

1974இல் அந்த நாடு கொதித்தெழுந்தது. பிப்ரவரியில் டாக்சி ஓட்டுநர்களும் ஆசிரியர்களும் வேலையை நிறுத்தினார்கள். மார்ச்சில் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. அந்த அலையில்தான் ஏப்ரல் 20ஆம் நாள் அடிஸ் அபாபா வீதிகளில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் ஊர்வலம் வந்தார்கள். மதத்தையும் அரசையும் பிரிக்க வேண்டும், அரசுப் பணிகளில் முஸ்லிம்களுக்கு இடம் வேண்டும், எங்களை எத்தியோப்பிய முஸ்லிம்கள் என்று அழைக்க வேண்டும், எங்கள் பெருநாட்களுக்கும் விடுமுறை வேண்டும் என்றெல்லாம் கோரினார்கள். தோழர்களே, அந்த ஊர்வலத்தில் கிறிஸ்தவர்களும் மாணவர்களும் தோளோடு தோள் நின்று நடந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தங்களுக்கு ஏற்கெனவே விடுமுறை இருந்தவர்கள், அது இல்லாதவர்களுக்காக வெயிலில் நடந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 12இல் மன்னராட்சி வீழ்ந்தது. பின்வந்த ராணுவ ஆட்சி, நோன்புப் பெருநாள், தியாகத் திருநாள், நபிகள் பிறந்த நாள் ஆகிய மூன்றையும் பொது விடுமுறையாக்கியது. அந்த ஆட்சியை நாம் புகழ வரவில்லை. விடுமுறை கொடுத்த அதே கை, ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உயிரைப் பறித்தது. மதத் தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆட்சி 1991இல் வீழ்ந்தது. அது போன பிறகும் அந்த மூன்று நாட்கள் பட்டியலில் நிலைத்தன. கேட்டுப் பெற்றது மக்கள். கையெழுத்துப் போட்டது மட்டுமே ஆட்சி. 1995ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அரசுக்கு மதமில்லை என்று எழுதியது. அதற்காகப் பண்டிகைகளை அடித்துவிடவில்லை. மதமற்ற அரசு என்றால் எல்லாருடைய நாளையும் அழிப்பது என்று அவர்கள் பொருள் கொள்ளவில்லை.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். செப்டம்பர் 11 அவர்களுடைய புத்தாண்டு. செப்டம்பர் 27 சிலுவை கண்டெடுத்த நாள். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 அல்ல, ஜனவரி 7. ஜனவரி 19 ஞானஸ்நானத் திருநாள். பிறகு புனித வெள்ளியும் உயிர்த்தெழுந்த ஞாயிறும். இஸ்லாமியப் பெருநாட்கள் பிறைக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். இவற்றுக்கு நடுவே யாருக்கும் தனிச் சொத்தில்லாத நாட்கள் உண்டு. 1896இல் இத்தாலியப் படையை அட்வா களத்தில் முறியடித்த நாள் ஒன்று, மே தினம் மற்றொன்று. அட்வாவில் இரு மதத்தாரும் சேர்ந்தே ரத்தம் சிந்தினார்கள். ஒரு மதத்துக்கு எத்தனை நாள், மற்றதற்கு எத்தனை நாள் என்று தராசில் நிறுத்தால் சமமாக வராது. ஆனால் பட்டியலில் பெயரே இல்லாமல் இருப்பதற்கும் மூன்று நாள் இருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

பட்டியல் எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. அந்தப் பழைய அகதிகளின் நினைவைத் தாங்கி நிற்கும் நெகாஷ் பள்ளிவாசலே 2020இல் திக்ரே போரில் சேதமடைந்தது. பீரங்கி நாட்காட்டி பார்ப்பதில்லை. ஆனால் 'நீயும் இந்த நாட்டவன்' என்று எழுத்தில் இருந்தால், அநீதி நேரும்போது அதைக் காட்டிக் கேட்கலாம். எழுத்தில் இல்லாதவன் எதைக் காட்டுவான்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு வெளியே மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குப் பொங்கல் என்ன? 12 நாட்கள் கொண்ட விருப்பப் பட்டியலில் ஒரு நாள். அதிலிருந்து 3 நாட்களை அந்தந்த மாநிலத்து ஊழியர் நலக் குழு தேர்ந்தெடுக்கும். நம் பொங்கல் அதில் ஏறாவிட்டால் ஆர்.எச். எழுதிக்கொடுத்து, மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். விடுபட்டவனின் மனம் நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த நாமே இன்னொருவரை விடலாமா?

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியை உருவாக்கியவர்களில் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. அவர்களும் தமிழர்கள்தாம். மாதா கோயிலுக்குப் போகும் நம் தோழரும் தமிழர்தாம். தமிழர் சங்கம் என்ற பெயரைக் காட்டி அவர்கள் நாளை அடிப்பது, அவர்களை 'தமிழர்களோடு வாழ்கிறவர்கள்' ஆக்குவதாகும்.

படிப்பகம் பூட்டிக்கிடக்குமே என்ற கவலைக்கும் வழி உண்டு. ரயிலுக்குத் தீபாவளியும் கிடையாது, ரம்ஜானும் கிடையாது. தீபாவளி இரவில் நம் டூட்டியை அப்துல்லாக்களும் அந்தோணிகளும் பார்க்கிறார்கள். அவர்கள் பண்டிகைக்கு நாம் பார்க்கிறோம். வண்டி நிற்பதில்லை. படிப்பகத்திலும் அப்படியே மாற்றி மாற்றிப் பொறுப்பெடுப்போம்.

இன்னும் ஒன்று. மன்றத்தைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காக்கும் பெரியவருக்கு நாம் நாட்கூலிதான் கொடுக்கிறோம். நாம் பூட்டும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் அடுப்பு தாமதமாக எரிகிறது. இத்தனை ஆண்டும் இதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கூலியில்லாத விடுமுறைக்குப் பெயர் விடுமுறையல்ல, கதவடைப்பு.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை பொங்கல், தீபாவளியோடு பட்டியலில் இடம்பெற வேண்டும். அந்த நாட்களில் படிப்பகத்தை அரைநாளாவது மற்றவர்கள் திறந்து வைக்க வேண்டும். இரண்டு, எல்லா விடுமுறை நாட்களுக்கும் பெரியவருக்கு முழுக் கூலி. இதைச் சலுகையாகக் கருதி யாரும் கைதட்ட வேண்டாம். பட்டியல் எழுதும்போதே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறோம், அவ்வளவுதான்.

சென்ற மாதம் மௌனமாக இருந்த இரு தோழர்களும் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். தீர்மானத்தை அவர்களில் ஒருவர் வழிமொழிய வேண்டாம். அன்று கேள்வி கேட்ட தோழரே வழிமொழிய வேண்டும் என்று அன்போடு கேட்டு அமர்கிறோம்.