பிரம்பு பின்னிய நாற்காலி



ஜூரோங் ஈஸ்ட் ஜெம் கடைத்தொகுதிக்கு 2021ஆம் ஆண்டு ஐக்கியா வந்துவிட்டது. மேற்கு வட்டாரத்தில் புது வீவக வீட்டுக்குச் சாவி வாங்குபவர்கள் சாப்பாட்டு மேசை நாற்காலிக்காக அலைய வேண்டியதில்லை. ஆனாலும், பழைய சாமான் கடைகளில் 1950களின், 60களின் தேக்கு நாற்காலிகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய கால்கள், வளைந்த முதுகு, பிரம்போ தோலோ போட்ட இருக்கை. ‘டேனிஷ்’ என்று சொல்லிவிட்டால் விலையும் ஏறிவிடும்.

டென்மார்க்கில் தேக்கும் விளையாது, பிரம்பும் விளையாது. கோப்பன்ஹேகனின் ஈஸ்ட் ஏஷியாட்டிக் கம்பெனி சயாம் காடுகளில் தேக்கு வெட்டியது. போர்னியோ, சுமத்ரா காடுகளின் பிரம்பு 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாகப் போனது. டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த புகழ்பெற்ற நாற்காலிக்கு முதலில் போட்டது பிரம்பு இருக்கைதான். தோல் பிறகு வந்தது. 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது மேடையில் இருந்தது அந்த நாற்காலி. வடிவத்துக்கான பெருமை வெக்னருக்கே உரியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அந்த நாற்காலிகளில் நம் வட்டாரத்துக் காடும் இருக்கிறது. அதை யாரும் விலைச்சீட்டில் எழுதுவதில்லை.

பிரம்புப் பின்னலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பின்னுவதற்கு எடுப்பது பிரம்பின் மேல்தோல் மட்டும். அதை நாடா நாடாவாகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, சட்டத்தைச் சுற்றியுள்ள சிறு துளைகளில் கோப்பார்கள். முன்பின்னாக ஓர் அடுக்கு, குறுக்கே ஓர் அடுக்கு, மறுபடியும் அப்படியே. பிறகு இரண்டு மூலைவாட்டு ஓட்டங்கள். அப்போதுதான் அந்த எண்கோணக் கண்கள் பிறக்கும். காயக் காய நாடா இறுகி, தட்டினால் அதிரும் அளவுக்கு விறைப்பாகும். ஓர் இருக்கைக்கே நாள் கணக்கில் பிடிக்கிற வேலை இது. இந்தியாவில் அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் பணியில் பார்வையற்றவர்கள் பல காலம் இருந்திருக்கிறார்கள். இது கண்ணைவிட விரலை நம்பும் கலை.

அந்த அலுவலக நாற்காலிகளுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் போக முடியாது. சண்டிகர் நகருக்காக 1950களில் கட்டடக் கலைஞர் பியர் ஜானரேயும் அவருடன் பணியாற்றிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வடிவமைத்தார்கள். பின்னாளில் அவை உடைசல் என்று கழிக்கப்பட்டு, மிகச் சொற்ப விலைக்குப் போயின. முதுகில் அலுவலகத்தின் பெயரும் எண்ணும் எழுதியபடியே பாரிஸ், நியூயார்க் ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்கு விற்றன. 2011இல்தான் இந்திய உள்துறை அமைச்சு அவற்றை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் கூடாதென உத்தரவிட்டது.

தோலா, பிரம்பா என்று கேட்டால், தோல் இருக்கை பார்க்க அழகுதான். ஆனால், நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் காற்றோட்டமுள்ள பிரம்பே ஏற்றது என்பது என் முடிவு.

வாங்கப் போகிறவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தில் துளைகள் வரிசையாக இருந்தால் கையால் பின்னியது. துளையில்லாமல் ஒரு காடி மட்டும் ஓடினால், இயந்திரம் நெய்த விரிப்பைப் பசை வைத்து அழுத்தியது. இரண்டாவது வகை மட்டம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரே விலை கொடுக்காதீர்கள். முதுகைப் பிடித்து ஆட்டுங்கள். மூட்டு அசைந்தால் பேரம் பேசுங்கள். பிரம்பு கிழிந்திருந்தால் மட்டும் கவலை வேண்டாம். இருக்கை தேயும், சட்டம் நிற்கும், மறுபடி பின்னிக்கொள்ளலாம். அப்படித்தான் இந்த நாற்காலியை ஆக்கியிருக்கிறார்கள்.

தொய்ந்துபோன பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, இரவு முழுக்கக் காயவிட்டால் பெரும்பாலும் இறுகிவிடும். நாற்காலியைக் குளிரூட்டியின் நேர்க்காற்றில் போட்டு வைத்தால் பிரம்பு வறண்டு ஒடியும்.

சிங்கப்பூரில் பிரம்பு பின்னத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு, அவர்களுக்கும் வயதாகிவிட்டது. வீடு மாறும்போது தாத்தா காலத்து நாற்காலியைப் புளோக்கின் கீழே விட்டுவிட்டு வராதீர்கள். அதைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுப்பதற்கு முன், பின்னுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து வேலை கொடுங்கள்.