மலையில் இடும் தீ

மூங்கிலும் மூங்கிலும் உராய்ந்து காட்டில் தீ மூளும் என்று நம் பழம் புலவர்கள் பாடிவைத்தனர். ஆனால் இலங்கையின் ஊவா மலைச்சாரல்களில் எரியும் தீக்கு மூங்கிலைப் பழிகூற இயலாது. அங்கே பெரும்பாலும் எரிவது மானாப் புல்; எரிப்பது மனிதனின் கை.

தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் மலைகடந்து பதுளை, வெலிமடைப் பகுதிகளில் வீசுகின்றது. ஆனி முதல் ஆவணி வரை புல்வெளிகள் சருகாய்க் காய்ந்து நிற்கும். அவ்வேளையில் இளம்புல் துளிர்க்கட்டுமென மாடு மேய்ப்போன் தீ வைக்கின்றான். விலங்கை வெளியே விரட்ட வேட்டைக்காரன் வைக்கின்றான். காட்டை அழித்து நிலம் பிடிக்க வேறொருவன் வைக்கின்றான். வழிப்போக்கன் அணைக்காது எறியும் சுருட்டுத் துண்டும் போதும்.

இதனால் கிடைக்கும் பயன் சிலநாள் மேய்ச்சலே. இழப்போ பெரிது. புற்போர்வை இழந்த மண் ஐப்பசி மழையில் கரைந்தோடுகின்றது. வெலிமடைச் சரிவின் மண்ணை உமா ஓயா சுமந்து சென்று ரந்தம்பை நீர்த்தேக்கத்திற் சேர்க்கின்றது. சரிவில் தங்கி ஊறவேண்டிய நீர் ஓடிவிடுவதால் அடிவாரத்து ஊற்றுகள் மெலிகின்றன. தீயிட்டவன் வீட்டுக் குடமும் அந்த ஊற்றையே நம்பியிருக்கின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் ஒதுக்கக் காடுகளில் தீயிடுவதைக் குற்றமாக்கிற்று. 2009இலும் அது திருத்தப்பட்டது. எனினும், தீயிட்டவனைக் கண்டவன் அயலவனாயிற்றே என்று வாய்மூடி இருந்தால் நீதவான் யாரைத் தண்டிப்பார்? தண்டனையின் கடுமையினும், அது தப்பாது வரும் என்னும் உறுதியே தீயவனை அஞ்சச் செய்யும்.

தண்டனையிலும் தராதரம் வேண்டும். நிலம் பிடிக்கத் தீயிட்டவனுக்குச் சிறையோடு, எரிந்த நிலத்தில் ஒரு சாணும் கிட்டாதென்ற நிலையும் வேண்டும். அறியாமையால் தீயிட்ட ஏழை மேய்ப்பனை, எரிந்த சரிவிலே மரம் நட்டுக் காக்கும்படி பணித்தலே தகும்.

தண்டனைக்கு முந்தியது தடுப்பு. வைகாசி முடியுமுன் ஊரவர் ஒன்றுகூடிக் காட்டோரத்துப் புல்லைச் செதுக்கி, தீத் தாண்டமுடியாத அகன்ற வெறுந்தரையை அமைத்தல் வேண்டும். மாட்டுக்குப் புல்லை அறுத்துக் கொடுக்கும் வழக்கமும் பரவல் வேண்டும். புகை கண்டவுடன் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் ஒவ்வொருவர் கடனாகும். அயலவனுக்கு அஞ்சி மௌனம் சாதிப்போர் தம் பிள்ளைகளின் தண்ணீரையே இழக்கின்றனர்.